டார்ச் பிடித்த கை

கருங்கல் சந்தையிலிருந்து மீனும் மரச்சீனிக் கிழங்கும் வாங்கிக்கொண்டு திரும்பும்போது அம்மாதான் அதை முதலில் பார்த்தார். "மக்களே, அந்தச் செவப்பு லைட்டு அணையவே இல்ல கேட்டியா" என்றார். மீட்டர் பலகையில் சிறு பொட்டுபோல எரியும் விளக்கு அது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். அணையாமல் எரிந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று பொருள். எனக்கு அன்றைக்கு அது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தத் தோன்றாமைதான்.

வண்டி அப்பாவுடைய பழைய பெட்ரோல் அம்பாசடர். ஜங்ஷனில் டாக்சி ஸ்டாண்டில் நின்று எங்கள் வீட்டுக்குச் சோறு போட்ட வண்டி. அப்பா போன பிறகு அதை விற்றுவிடச் சொல்லாத உறவினர் இல்லை. அம்மா விற்கவில்லை. நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும், மாதம் ஒருமுறை அம்மாவின் கண் பரிசோதனைக்கும் போய்வருவோம்.

மறுநாள் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனோம். பெயர் வேண்டாம், இவரைப்போல எத்தனையோ பேர். என்ன கோளாறு என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல், என் தோளுக்கு மேலே ரோட்டைப் பார்த்தபடி, "வீட்டுல ஆம்பிள ஆளு யாராவது உண்டா? வரச்சொல்லுங்க, அவியகிட்ட வெவரம் சொல்லியேன்" என்றார். தம்பி வளைகுடாவில் இருக்கிறான் என்றேன். சரி, போனில் அவனிடம் பேசுகிறேன் என்றார். தம்பிக்கு கியர் போடத் தெரியும், அவ்வளவுதான். வண்டியை மூன்று நாள் விட்டுவிட்டுப் போக வேண்டும், வயரிங் முழுக்க மாற்ற வேண்டியிருக்கும் என்று அவனிடம் சொன்னாராம். அம்மா காருக்குள் உட்கார்ந்தபடியே, "வயரிங்கு ஒண்ணும் இல்ல. டைனமோதான் போயிருக்கு. வீட்டுக்கு விடு" என்றார்.

எங்கள் பக்கம் இன்னும் அதை டைனமோ என்றுதான் சொல்கிறார்கள். உண்மையில் அது ஆல்டர்நேட்டர். அப்பா வாங்கும்போது வண்டியில் இருந்தது டைனமோதான். மெதுவாக ஓடும்போது அது சரியாகச் சார்ஜ் தராது. மழைக்கால இரவில் சந்தை நெரிசலில் ஊர்ந்து வந்தால் ஹெட்லைட் மண்ணெண்ணெய் விளக்குபோல மங்கிவிடும். 1990-களில் அப்பா அதைக் கழற்றிவிட்டு ஆல்டர்நேட்டர் வைத்தார். பழைய கட்-அவுட் பெட்டி மட்டும் பானட்டுக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: 1831-ல் ஃபாரடே கண்டது. காந்தமும் கம்பிச்சுருளும் ஒன்றுக்கொன்று நகர்ந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும். டைனமோவில் சுருள் சுற்றுகிறது. ஆல்டர்நேட்டரில் காந்தம் சுற்றுகிறது, சுருள் வெளியே சும்மா நிற்கிறது. அதில் பிறக்கும் மாறுமின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற ஒருதிசை மின்சாரமாக மாற்ற டயோடுகள் வேண்டும். சிலிக்கான் டயோடு மலிவான பிறகே இது சாதாரணக் கார்களுக்கு வந்தது. 1960-ல் கிரைஸ்லர் நிறுவனம் தன் வேலியன்ட் காரில் ஆல்டர்நேட்டரை வைத்தது. அம்பாசடருக்கு வந்துசேரக் காலம் பிடித்தது. எங்கள் வண்டிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக.

நான் பள்ளியில் வரலாறு சொல்லித்தருபவள். எந்தப் பொருளைத் தொட்டாலும் இது எப்போது வந்தது, யாருக்காக வந்தது என்று கேட்டுவிடுவது என் தொழில்நோய். காருக்குள் மின்சாரம் தயாரிக்கும் கருவி எதற்கு வந்தது என்று தேடியபோது கிடைத்த பதில் வேடிக்கையானது. ஆரம்பகாலக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது தேவைப்படவில்லை. விளக்கு மண்ணெண்ணெயிலோ கேஸிலோ எரியும். என்ஜினைக் கிளப்ப முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கைப்பிடி திருப்பி உதைத்து மணிக்கட்டு முறிந்தவர்கள் பலர். 1912-ல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. என்ஜினைச் சுற்றிவிட மோட்டாராகவும், ஓடத் தொடங்கிய பின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டராகவும் அந்த ஒரே கருவி வேலைசெய்தது. அதற்கு முன் அமெரிக்க நகரங்களில் வசதியான பெண்களுக்கென்று விற்கப்பட்டவை பேட்டரிக் கார்கள். கைப்பிடி வேண்டாம், புகை இல்லை, தூரமும் போகாது. பெட்ரோல் காரை உலகம் முழுக்கப் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டே ஓட்டியது டெட்ராய்ட் எலக்ட்ரிக் என்ற பேட்டரிக் கார்தான். செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும், இது பெண்களுக்கான வசதி என்று விளம்பரங்கள் பேசின. அமெரிக்க வரலாற்றாய்வாளர் வர்ஜீனியா ஷார்ஃப் 1991-ல் வெளியிட்ட தன் நூலில் இதை விரிவாகப் பேசுகிறார். சொகுசு என்றால் அது பெண்ணுக்கு, வலிமை என்றால் அது ஆணுக்கு என்று கார் கம்பெனிகள் முதலிலேயே பங்கு பிரித்துவிட்டன. ஆனால் மணிக்கட்டு முறியாமல் தப்பித்ததில் எந்த ஆணுக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. பெண்ணின் பேரைச் சொல்லி வந்த மின்சாரம் எல்லாருக்கும் ஆனது. பழுது பார்க்கிற அறிவு மட்டும் ஆணிடம் நின்றுவிட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் பானட்டைத் திறந்தோம். மல்டிமீட்டர் என்னிடம் இருந்தது. என்ஜின் ஓடாதபோது பேட்டரியில் 12.2 வோல்ட். ஓடும்போது 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் ஏற வேண்டும். ஏறவில்லை. 12-க்கு இறங்கியது. பெல்ட் தளர்ந்தாலும் இப்படித்தான் காட்டும், ஆகவே பெல்ட்டையும் வயர் முனைகளையும் முதலில் பார்த்தோம். அவை சரியாக இருந்தன. ஆல்டர்நேட்டர் பக்கம் காதை வைத்தால் பேரிங் அரைபடும் சத்தம். முகர்ந்தால் கருகிய வார்னிஷ் வாசம். கார்பன் பிரஷ் தேய்ந்தது மட்டும் என்றால் பிரஷ்ஷை மாற்றிவிட்டுப் போகலாம். காயிலும் கருகி பேரிங்கும் போனால் முழுதாக மாற்றுவதே நல்லது.

நான் ஸ்பேனரோடு நேராக ஆல்டர்நேட்டருக்குக் கையை நீட்டினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கறுத்த வயரை எடுக்காம அதுல கைய வைக்காத. உனக்க அப்பா மொதல்ல அதைத்தான் எடுப்பாவ."

பேட்டரியின் நெகட்டிவ் முனை. பிறகு புத்தகத்தில் பார்த்தேன்: ஆல்டர்நேட்டரின் தடித்த வயர் பேட்டரியோடு நேரடியாக இணைந்திருக்கிறது, சாவியைத் திருகாவிட்டாலும் அதில் எப்போதும் மின்சாரம் உண்டு. நெகட்டிவைக் கழற்றாமல் அந்த நட்டைத் திருகும்போது ஸ்பேனர் வண்டியின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும், ஸ்பேனரே பழுத்துச் சிவந்துவிடும். அம்மா அந்த விளக்கத்தையெல்லாம் சொல்லவில்லை. எது முதலில், எது அடுத்து என்ற வரிசை மட்டும் அவரிடம் இருந்தது. வயர்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றேன். "எடு. அவிய நூல் கெட்டி வைப்பாவ" என்றார். தடித்த வயருக்குச் சிவப்பு நூல், விளக்குக்குப் போகும் மெல்லிய வயருக்கு வெள்ளை நூல். இரண்டையும் கழற்றினோம். பெல்ட்டை இறுக்கும் போல்ட்டைத் தளர்த்தி, கீழே கீல்போல இருக்கும் போல்ட்டையும் தளர்த்தி, ஆல்டர்நேட்டரை என்ஜின் பக்கமாகத் தள்ளினால் பெல்ட் தொய்ந்துவிடும். பெல்ட்டை உருவிவிட்டு, ஒரு கையால் அடியில் தாங்கிக்கொண்டு கடைசி போல்ட்டை எடுக்க வேண்டும். நாலைந்து கிலோ இருக்கும். நான் எடுத்தேன், அம்மா தாங்கினார்.

"இதெல்லாம் எப்பம்மா படிச்ச?" என்று அப்போதுதான் கேட்டேன்.

"படிக்கவா? நான் லைட்டுல்லா அடிச்சேன்."

முப்பது வருடம் டார்ச் அடித்திருக்கிறார். ஒர்க்‌ஷாப்புக்குப் போகப் பணமில்லாத நாட்களில் அப்பா ராத்திரி வீட்டு முற்றத்தில் வண்டியைப் பிரிப்பார். அம்மா பக்கத்தில் நின்று வெளிச்சம் காட்டுவார், பதின்மூன்றாம் நம்பர் கேட்டால் எடுத்துக் கொடுப்பார், கழற்றிய நட்டுகளைச் சேலை முந்தானையில் முடிந்து வைப்பார். மறுநாள் விடியும் முன்னே எழுந்து கஞ்சி வைப்பார். ஊரில் வண்டி பழுதுபார்க்கத் தெரிந்தவர் என்று பேரெடுத்தது அப்பா. அந்தப் பேர் நியாயமானதுதான், நான் அதைக் குறைக்க வரவில்லை. ஆனால் எந்த வேலைக்கும் இரண்டு கை போதாது என்பது அந்த வேலையைச் செய்தவர்களுக்குத் தெரியும். மூன்றாவது நான்காவது கைகளுக்கு வரலாற்றில் பேர் கிடையாது.

எங்கள் ஜில்லாவில் பெண்களுக்குத் தொழில் சொல்லித்தந்த வரலாறு இருநூறு ஆண்டு நீளமானது. 1819-ல் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கென்று பள்ளி தொடங்கியது. இன்று டதி பள்ளி என்று அறியப்படுவது அதுதான். 1820-களின் தொடக்கத்தில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் அங்கே லேஸ் பின்னக் கற்றுத்தந்தார். நாகர்கோவில் லேஸ் கடல்கடந்து விற்றது. தலையணைபோன்ற திண்டில் நூற்கண்டுகளைத் தொங்கவிட்டு, எந்தக் கண்டு எதைத் தாண்டுகிறது என்று எண்ணிப் பின்னும் வேலை அது. ஒரு எண்ணிக்கை தப்பினால் அத்தனையும் குலையும். ஆல்டர்நேட்டரைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அதனுள்ளே இருக்கும் செம்புக் காயில் என்ன என்று புரியும்: நூலுக்குப் பதில் கம்பி, எண்ணிக்கையும் அடுக்கும் அதேதான். காயில் கட்டும் கடைகளில் இன்றும் அது பெரும்பாலும் ஆண் வேலை. ஒன்றைக் கலை என்றும் இன்னொன்றைத் தொழில்நுட்பம் என்றும் பிரித்ததில் விரலுக்கு எந்தப் பங்கும் இல்லை. 1981-ல் டயான் எல்சனும் ரூத் பியர்சனும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இதைத்தான் ஆராய்ந்தது. பெண்களின் 'நளினமான விரல்கள்' பிறவிக்குணம் அல்ல, வீட்டில் தையலும் சமையலும் செய்து பழகிய பயிற்சி. அந்தப் பயிற்சி வீட்டில் நடந்ததால் அதைத் திறமை என்று கணக்கெடுக்காமல், கூலியைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்றார்கள் அவர்கள்.

அம்மா கல்யாணத்துக்கு முன் அண்டியாபீஸில் வேலை பார்த்தவர். முந்திரிக்கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து வரும் எண்ணெய் விரலைப் பொத்துவிடும், கறுப்பாக்கிவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள். எங்கள் சுற்றுவட்டாரத்தில் கறுத்த விரலோடு பெண் பார்க்கும் சடங்குக்கு உட்கார்ந்த தலைமுறை ஒன்று உண்டு. கிரீஸ் பட்டால் கை அழுக்காகிவிடும், பெண்களுக்கு எதற்கு இந்த வேலை என்று சொல்பவர்களுக்கு அண்டி எண்ணெய்க் கறை கண்ணில் படுவதே இல்லை. அழுக்கிலும் ஆண் அழுக்கு, பெண் அழுக்கு உண்டு போலும்.

உடையும் அப்படித்தான். "சேலையோட பானட்டுக்குள்ள குனியாதம்மா, பெல்ட்டுல மாட்டும்" என்று நான் சொன்னபோது அம்மா முந்தானையை இடுப்பில் செருகி மேலே அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டார். ஓடும் என்ஜின் பக்கம் தொங்கும் துணி ஆபத்து என்பது உண்மை. ஆனால் சட்டம் அதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு இரண்டு விஷயம் சொன்னது. ஓடும் எந்திரத்தைப் பரிசோதிக்கவோ எண்ணெய் போடவோ வேண்டியிருந்தால், தனிப்பயிற்சி பெற்ற வயதுவந்த ஆண் தொழிலாளிதான் அதைச் செய்ய வேண்டும். அவர் உடம்போடு ஒட்டிய உடை அணிந்திருக்க வேண்டும், அந்த உடையைத் தொழிற்சாலை உரிமையாளரே தர வேண்டும். அதே பிரிவு, எந்திரம் ஓடும்போது அதன் முக்கியப் பாகங்களைத் துடைக்கவோ எண்ணெய் போடவோ சரிசெய்யவோ பெண்களையும் இளம்வயதினரையும் விடக்கூடாது என்றது. கோளாறு துணியில் என்றால் அந்த உடையைப் பெண்ணுக்கும் தந்திருக்கலாம். பயிற்சியில் என்றால் பயிற்சியைத் தந்திருக்கலாம். இரண்டையும் ஆணுக்குத் தந்துவிட்டுப் பெண்ணைப் பாதுகாத்தது சட்டம். இரவு வேலைக்குப் பெண்களைத் தடைசெய்த 66-ஆம் பிரிவின் பகுதியைச் சென்னை உயர்நீதிமன்றம் 2000-ல்தான் செல்லாது என்றது.

பெண் எதை உடுத்தலாம் என்று அரசு முடிவுசெய்வது எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. இந்த ஜில்லாவின் நாடார் பெண்கள் மாரை மறைத்து உடுத்துவதற்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டார்கள். 1859-ல் திருவிதாங்கூர் அரசர் பிறப்பித்த உத்தரவுகூட, உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. தோள்சீலைக் கலகத்தின் பேத்திக்குப் பேத்தி அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு பானட்டுக்குள் குனிந்தபோது எதிர்வீட்டு மைனி மதில்மேல் எட்டிப்பார்த்து, "அக்கா, இது என்ன கோலம்" என்று சிரித்தார். பிறகு அவரும் உள்ளே வந்து நின்றார்.

திங்கட்கிழமை பழைய ஆல்டர்நேட்டரைப் பையில் போட்டுக்கொண்டு மார்த்தாண்டத்துக்கு பஸ் ஏறினோம். இந்தப் பக்கத்து பஸ்ஸுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1938 பிப்ரவரி 20-ல் திருவிதாங்கூர் அரசு தன் போக்குவரத்துத் துறையைத் தொடங்கியபோது முதல் தடம் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி. அப்போது விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர் தாலுகாக்கள். 1956 நவம்பர் 1-ல்தான் தோவாளை, அகஸ்தீஸ்வரத்தோடு சேர்ந்து தமிழ்நாட்டுக்கு வந்தன. ராஜா காலத்து பஸ் ஓடத் தொடங்கி 55 ஆண்டுகள் கழித்து, 1993-ல், இதே ஜில்லாவைச் சேர்ந்த வசந்தகுமாரி அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பஸ் டிரைவராகச் சேர்ந்தார். ஆசியாவின் முதல் பெண் பஸ் டிரைவர் என்று பத்திரிகைகள் எழுதின. ஓட்டத் தெரிந்திருந்தும் வேலை எளிதில் கிடைக்கவில்லை, முதலமைச்சர்வரை முறையிட்டே உள்ளே போனார். 2017-ல் ஓய்வுபெற்றார். நான் சிறுமியாக இருக்கும்போது நாகர்கோவிலில் அவரைப் பார்க்கக் கூட்டிப்போகச் சொல்லி அழுதிருக்கிறேன். அப்பா, "பாத்து என்ன செய்யப்போற" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

மார்த்தாண்டத்துக் கடைக்காரர் நல்லவர். பழையதை வாங்கிக்கொண்டு விலையில் குறைத்தார். புதியதின் புல்லியும் போல்ட் துளைகளும் பழையதோடு பொருந்துகிறதா என்று பக்கத்தில் வைத்துப் பார்க்க அம்மா சொன்னபோது, "அக்காவுக்கு வேலை தெரியுமே" என்றார். பில் போடும்போது யார் பேருக்கு என்று கேட்டார். ஆர்.சி. புத்தகம் அப்பா பேரில் இருக்கிறது என்று நான் தொடங்கினேன். அம்மா தன் பேரைச் சொன்னார். பில் புத்தகத்தில் 'திரு.' என்று அச்சடித்திருந்தது. அவர் ஒரு கணம் யோசித்து, புள்ளியின்மேல் பேனாவால் 'மதி' என்று எழுதினார்.

அப்போது எனக்கு லலிதாவின் ஞாபகம் வந்தது. 1919-ல் பிறந்த ஏ. லலிதா 15 வயதில் மணமானவர், 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். மொட்டையடித்து மூலையில் உட்கார வைக்கிற வழக்கம் இருந்த காலம். அவருடைய அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டி பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியர். மகளை அங்கேயே சேர்க்க விரும்பினார். அப்போதைய முதல்வர் கே.சி. சாக்கோ ஒப்புக்கொண்டார். அடுத்து லீலம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா என்ற இருவர் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். 1943-ல் லலிதா இந்தியாவின் முதல் பெண் மின்பொறியாளரானார். அவர்களுடைய சான்றிதழ்களில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் எழுதிக்கொடுத்தார்கள். ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி பெற்ற லலிதா, பின்னர் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தில் பக்ரா நங்கல் அணையின் மின்சாரத்துக்கான பாதைகளை வடிவமைக்கும் வேலையில் இருந்தார். அங்கே நீர் சுற்றிவிடுகிற ராட்சத எந்திரமும் எங்கள் பையிலிருந்த நாலு கிலோ உருண்டையும் ஒரே வம்சம். திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளரானார். லலிதாவுக்குப் படித்த அப்பா இருந்தார், வீட்டிலேயே மின்சாரம் பேசுகிற சூழல் இருந்தது. 1974-ல் சுதா மூர்த்தி டெல்கோ நிறுவனத்தின் விளம்பரத்தில் 'பெண்கள் விண்ணப்பிக்க வேண்டாம்' என்ற வரியைக் கண்டு ஜே.ஆர்.டி. டாட்டாவுக்கு அஞ்சலட்டை எழுதினார் என்றால், அதை எழுதும் அளவுக்கு முதுநிலைப் படிப்புவரை வந்திருந்தார். அண்டியாபீஸிலிருந்து வந்தவளுக்கு அஞ்சலட்டை எழுத யார் இருக்கிறார்கள்? அவளுக்குக் கிடைத்த கல்லூரி டார்ச் வெளிச்சத்தின் வட்டம்தான்.

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாவுக்கு பெர்த்தா பென்ஸ் கதையைச் சொன்னேன். 1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமல், இரண்டு மகன்களோடு அவர் செய்த காரை எடுத்துக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் உள்ள அம்மா வீட்டுக்குப் போனவர். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் அது. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார், வயர் உரசியபோது காலுறைப் பட்டையால் சுற்றினார் என்று கதையாகச் சொல்வார்கள். எனக்கு அந்தக் கதையில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ஊசியையும் பட்டையையும் சொல்லிச் சிரிக்கிறவர்கள், வழியில் செருப்புத் தைப்பவரிடம் பிரேக் கட்டையில் தோல் அடிக்கச் சொன்னதையும், மேட்டில் ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று வீடு திரும்பிக் கணவரிடம் சொன்னதையும் மெதுவாகத்தான் சொல்கிறார்கள். முன்னதில் பெண்ணின் அலங்காரம், பின்னதில் எஞ்சினியரின் மூளை. அந்தக் கார்க் கம்பெனி தொடக்கத்தில் மூழ்காமல் நின்றதே பெர்த்தாவின் சீதனப் பணத்தால்.

சீதனம் என்றதும் அம்மா திரும்பிப் பார்த்தார். "அங்கயும் உண்டா?" என்றார். எங்கள் ஜில்லாவில் சீதனத்தில் கார் வைப்பது அதிசயமில்லை. பவுன் கணக்கோடு கார் கணக்கும் பேசுவார்கள். பெண்வீட்டுக் காசில் வந்த காரின் சாவி மாப்பிள்ளையின் விரலில் சுழலும். பெண்ணுக்கு முன்சீட்டு, அதுவும் மாமியார் வராத நாளில். அம்மாவின் சீதனத்தில் பாதி இந்த அம்பாசடரின் முன்பணமாகப் போனதை அன்றைக்குத்தான், பஸ்ஸில், மடியில் ஆல்டர்நேட்டரோடு உட்கார்ந்தபடி எனக்குச் சொன்னார். முகத்தில் கோபம் இல்லை. ஜன்னல்வழியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தொண்டை அடைத்தது. அந்த வண்டி ஆயுள் முழுக்க அப்பாவின் வண்டியாகவே இருந்தது, என் கட்டுரையின் இரண்டாவது பத்தியிலும்கூட.

இருட்டியபின் மாட்டத் தொடங்கினோம். பேட்டரியை முதல்நாளே கழற்றி சார்ஜருக்குக் கொடுத்திருந்தோம். செத்த பேட்டரியைப் புது ஆல்டர்நேட்டரின் தலையில் கட்டினால் அது சூடாகிச் சீக்கிரம் கெடும். கீல் போல்ட்டை மாட்டியதும் அம்மா டார்ச்சை என் கையில் தந்துவிட்டு ஸ்பேனரை வாங்கிக்கொண்டார். கேட்கவில்லை, வாங்கிக்கொண்டார். பெல்ட்டைப் போட்டு, ஒரு அயினிச் சக்கையை இடையில் கொடுத்து நெம்பி, பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அமுக்கினார். அரை அங்குலம் தாழ்ந்தது. கூடுதல் இறுக்கினால் பேரிங் போகும், தளர்ந்தால் பெல்ட் வழுக்கிக் கத்தும். நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றதில் வெளிச்சம் விலகிப்போயிருந்தது.

"லைட்டை இஞ்ச காட்டு பிள்ளே, அங்க என்னத்தப் பாக்கிய?"

அதே வார்த்தை, அதே எரிச்சல். அப்பா அம்மாவைச் சொல்லிக் கேட்டது. மைனி மதிலோரம் நின்று சிரித்தார். நான் வெளிச்சத்தை இறுக்கும் போல்ட்டின்மேல் நிறுத்தினேன், கை நடுங்காமல் பார்த்துக்கொண்டேன். டார்ச் அடிப்பது சும்மா நிற்பதில்லை என்று அப்போது தெரிந்தது. அடுத்து எந்த இடத்தில் வெளிச்சம் வேண்டும் என்று அவர் சொல்வதற்குமுன் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு வேலை தெரிந்திருக்க வேண்டும்.

சிவப்பு நூல் வயர் தடித்த முனைக்கு, வெள்ளை நூல் வயர் சின்ன முனைக்கு. கறுத்த வயர் கடைசியில். நான் சாவியைத் திருகினேன். சிவப்புப் பொட்டு எரிந்தது, என்ஜின் பிடித்ததும் அணைந்தது. மீட்டரில் 14.1. அம்மா ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். தென்னைகளின் அடிவரை வெளிச்சம் விழுந்தது. 13.9.

"கொள்ளாம்" என்றார் அம்மா. கை கழுவ அடுப்படிக்குச் சாம்பல் எடுக்கப் போனார்.